பாக்கியை விட்டுக்கொடுத்தால் தத்துக்குக் கையெழுத்துப் போடுவாராம்: என்ன செய்யலாம்?

மலையடிவாரம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 2021-இல் விவாகரத்து ஆனது. மகள் என்னோடுதான் இருக்கிறாள், இப்போது ஒன்பது வயது. கன்னங்குறிச்சியில் அம்மா வீட்டுக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறோம். குழந்தைக்கு மாதம் 6,000 ரூபாய் ஜீவனாம்சம் என்று உத்தரவு. முதலில் ஒழுங்காக வந்தது, அப்புறம் விட்டு விட்டு வந்தது, இப்போது 26 மாதமாக ஒன்றுமே இல்லை. 1,56,000 ரூபாய் பாக்கி. முன்னாள் கணவர் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிப் பட்டறையில் கொலுசு வேலை செய்கிறார். நல்ல வேலைக்காரர், அதை மறுக்க மாட்டேன். கூலியெல்லாம் ரொக்கம். கேட்டால், "வெள்ளி விலை ஏறிப்போச்சு, பட்டறையில் வேலையே இல்லை" என்பார்.

போன தீபாவளிக்கு மகளுக்கு ஒரு ஜோடி கொலுசு கொண்டுவந்து கொடுத்தார். அவர் கையாலேயே செய்தது. திருகாணிக்குப் பக்கத்தில் அவள் பெயரின் முதல் எழுத்தைப் பொடியாக வெட்டியிருக்கிறார். அவள் குளிக்கும்போதுகூடக் கழற்ற மாட்டேன் என்கிறாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கொஞ்ச நாளில் அவர் அண்ணன் போன் செய்து, "கொலுசு போட்டாச்சில்ல, அதைப் பாக்கியில் கழிச்சுக்கோங்க" என்றார்.

எனக்குப் போன வருடம் மறுமணம் ஆனது. கணவர் ஏற்காட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது கணக்கெழுதுபவர். கிறிஸ்தவர், அதனால் ஸ்பெஷல் மேரேஜ் சட்டத்தில் பதிவு செய்துகொண்டோம். மகள் இவரை "டாடி" என்பாள், அவரை "அப்பா" என்பாள். அவளுக்கு இதில் எந்தக் குழப்பமும் இல்லை, பள்ளிக்கூடத்தில்தான் குழப்பம். இவர் அவளைச் சட்டப்படி தத்தெடுத்துக்கொள்ள ஆசைப்படுகிறார்.

விஷயம் தெரிந்ததும் மறுபடியும் அண்ணன் மூலமாகச் சேதி வந்தது: "மொத்தப் பாக்கியையும் விட்டுட்டேன்னு எழுதிக் கொடுத்தா, தத்துக்குக் கையெழுத்துப் போட்டுடறான்." எழுதிக் கொடுக்கலாமா? இத்தனை மாதம் பணம் கொடுக்காதவரின் சம்மதம் உண்மையிலேயே தேவையா?

ஆத்தூர் அத்தை

கண்ணு, எழுதிக் கொடுத்துட்டு நிம்மதியா இரு. அந்த ஒன்றரை லட்சம் வரவே போறதில்லை. வராத பணத்தைக் கொடுத்து நல்ல தகப்பனை வாங்கறே, இதுல என்ன நஷ்டம்?

சாக்ரமெண்டோ சேலத்தான்

நான் அழகாபுரத்துக்காரன், இப்போது கலிபோர்னியாவில் இருக்கிறேன். இங்கே குழந்தையை வைத்திருக்கும் பெற்றோருக்கு ஒரு வழி உண்டு. மற்றவர் ஒரு வருடம் வேண்டுமென்றே தொடர்பு கொள்ளாமலும், வசதி இருந்தும் செலவுக்குக் கொடுக்காமலும் இருந்தால், முறைப்படி நோட்டீஸ் கொடுத்துவிட்டு அவர் சம்மதம் இல்லாமலேயே தத்துக்கு நகரலாம். டெக்சாஸிலும் ஒரு வருடம் சக்திக்குத் தக்கபடி கொடுக்காமல் இருப்பது பெற்றோர் உரிமையையே முடிக்க ஒரு காரணம். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட்டே கிடைக்காது. இந்தியாவிலும் இப்படி ஏதாவது இருக்குமே?

ஓய்வுபெற்ற சிரஸ்தார்

தம்பி, இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வருகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா? யூடியூபில் அமெரிக்க வக்கீல் பேசியதைப் பார்த்துவிட்டு, "அவன் பணம் தரலை, அவன் உரிமை போச்சு" என்பார்கள். நம் ஊரில் அப்படி இல்லை. ஜீவனாம்சம் கொடுக்காதவன் கடன்காரன். ஆனால் அப்பன் என்கிற அந்தஸ்து அதனால் போய்விடாது. 1956-ஆம் வருட இந்து தத்து, ஜீவனாம்சச் சட்டத்தின் 9-ஆவது பிரிவில், தாய் கொடுத்தாலும் தகப்பன் கொடுத்தாலும் மற்றவர் சம்மதம் வேண்டும் என்றிருக்கிறது. விலக்கு மூன்றே: துறவு போனவர், இந்துவாக இல்லாமல் போனவர், மனநிலை சரியில்லை என்று நீதிமன்றம் அறிவித்தவர். பணம் தராதவர் அந்தப் பட்டியலில் கிடையாது.

அம்மணி, உங்களுக்கு அந்தச் சட்டமே பொருந்தாது. உங்கள் கணவர் கிறிஸ்தவர், தத்தெடுக்கிறவரும் இந்துவாக இருந்தால்தான் அந்த வழி. உங்களுக்கு இளைஞர் நீதிச் சட்டம், 2015. அதில் மதம் பார்ப்பதில்லை. அதன் கீழ் வந்த 2022 தத்து விதிகளில் மாற்றுப் பெற்றோர் தத்தெடுப்பதற்குத் தனியாக இடம் இருக்கிறது. நீங்களும் கணவரும் சேர்ந்து மத்திய தத்து ஆணையத்தின் இணையதளத்தில் பதிய வேண்டும். மனு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாகக் கலெக்டருக்குப் போகும். 2022 செப்டம்பர் 1 முதல் தத்து உத்தரவு போடும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து கலெக்டரிடம் வந்துவிட்டது. திருமணமாகி இரண்டு வருடம் ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை மாற்றுப் பெற்றோருக்கு இல்லை. பெற்ற தகப்பனின் சம்மதம் இங்கேயும் வேண்டும். குழந்தை யாரிடம் இருப்பது என்று வழக்கு நடந்துகொண்டிருந்தால், அது முடிந்த பிறகுதான் தத்து.

இப்போது என் கேள்வி. உங்கள் உத்தரவு நகலின் மேலே எம்.சி. (ஜீவனாம்ச வழக்கு) நம்பர் இருக்கிறதா, ஹெச்.எம்.ஓ.பி. (இந்துத் திருமண மனு) நம்பரா?

மலையடிவாரம்

எம்.சி. என்றுதான் இருக்கிறது ஐயா. சேலம் குடும்ப நீதிமன்றம். காவல் வழக்கு எதுவும் இல்லை, குழந்தை என்னிடம் இருப்பதை அவர் எப்போதும் ஆட்சேபித்ததில்லை.

ஓய்வுபெற்ற சிரஸ்தார்

அப்படியானால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144 வந்திருக்கிறது, சரக்கு அதேதான். இதில் ஒரு முள் இருக்கிறது. தொகை பாக்கியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டால்தான் அதை வசூலிக்க வாரண்டு. 26 மாதத்தில் கடைசி 12 மாதம், அதாவது 72,000 ரூபாய்க்குத்தான் இன்றைக்கு வாரண்டு கேட்க முடியும். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும், பழைய முனையிலிருந்து 6,000 ரூபாய் வாரண்டுக்கு வெளியே நழுவுகிறது.

பயந்துவிடாதீர்கள். மீதி 84,000 செத்துப்போகவில்லை. பூங்கொடி எதிர் தங்கவேல் வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: ஒரு வருடக் கெடு அந்த வாரண்டு முறைக்கு மட்டுமே, பாக்கியைக் கேட்கும் உரிமைக்கு அல்ல. அதைச் சிவில் முறையில் வசூலிக்கலாம். அதோடு, மனுவைப் போட்டுவிட்டால் அது நிலுவையில் இருக்கும்போது சேரும் பாக்கிக்கு மாதாமாதம் புது மனு வேண்டாம். அதுவும் 2005-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்து வைத்த விஷயம். ஆகவே முதலில் மனு, மற்றதெல்லாம் அப்புறம்.

கொலுசைப் பாக்கியில் கழிப்பது பற்றி: உத்தரவில் ரூபாய் என்றுதானே இருக்கிறது? தகப்பன் பிரியப்பட்டுப் பிள்ளைக்குப் போட்டது பரிசு. அது குழந்தையின் காலில் இருக்கட்டும்.

வாரக்கடைசி அப்பா

எல்லோரும் அம்மா பக்கமே பேசுகிறீர்கள். நான் மாதம் தவறாமல் கட்டுகிறேன், குழந்தையைப் பார்க்கப் போனால் வீடு பூட்டியிருக்கிறது. இவருடைய முன்னாள் கணவருக்கும் அப்படி ஏதாவது இருக்கலாம். மறுமணம் ஆகிவிட்டதே, இனி அந்தப் புதியவர்தானே பார்த்துக்கொள்ள வேண்டும்?

லீபஜார்

//மறுமணம் ஆகிவிட்டதே//

அண்ணா, மறுமணத்தோடு முடிவது மனைவியின் ஜீவனாம்சம். குழந்தையின் ஜீவனாம்சம் முடியாது. அம்மா யாரைக் கட்டினாலும் பெற்றவன் பெற்றவன்தான். அந்த ரைட்டர் ஆசையோடு செய்கிறார், சட்டப்படி அவருக்கு இன்றைக்கு ஒரு ரூபாய் கடமையும் இல்லை.

உங்கள் வருத்தம் நியாயம்தான். ஆனால் பார்க்க விடவில்லை என்றால் அதற்குத் தனியாக மனுப் போட வேண்டும். பணத்தை நிறுத்துவது அதற்குப் பதில் இல்லை. அதே மாதிரி, பணம் வரவில்லை என்று குழந்தையைக் காட்டாமல் இருப்பதும் தப்பு. மலையடிவாரம் அக்கா அதைச் செய்யவில்லை, தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து கொலுசு கொடுக்கும் அளவுக்குக் கதவு திறந்துதான் இருந்திருக்கிறது.

கொலுசுக்கூலி

நானும் வெள்ளி வேலைதான், அதனால் இதைச் சொல்கிறேன். வேலையே இல்லை என்பது பாதி உண்மை. விலை ஏறினால் ஆர்டர் குறையும், வாஸ்தவம். ஆனால் நன்றாக வேலை தெரிந்தவனைப் பட்டறைக்காரர் விட மாட்டார். கூலி எடைக்கணக்கு. வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார், முடித்த கொலுசை எடை போட்டு வாங்குவார், சேதாரம் கழிப்பார், எல்லாம் ஒரு நோட்டில் ஏறும். சம்பளச் சீட்டு இருக்காதே தவிர அந்த நோட்டு இருக்கும். வாரக்கூலியும் இப்போதெல்லாம் முழுக்க ரொக்கம் கிடையாது, முன்பணம் கேட்டால் ஜிபேயில்தான் போடுகிறார்கள். பேங்க் ஸ்டேட்மெண்ட் கேட்டால் தெரிந்துவிடும்.

முதலாளியைக் கோர்ட்டுக்கு இழுத்தால் வேலையைவிட்டு அனுப்பிவிடுவார் என்ற பயமும் இருக்கிறது. அதையும் நினைத்துப் பாருங்கள் அக்கா.

ஓய்வுபெற்ற சிரஸ்தார்

நல்ல விவரம். இதற்காகத்தான் ரஜ்னேஷ் எதிர் நேகா தீர்ப்பு, 2020 நவம்பர். ஜீவனாம்ச வழக்கில் இரண்டு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். பொய் எழுதினால் அதற்குத் தனி நடவடிக்கை. உத்தரவைச் சிவில் தீர்ப்புப் பணம் போலவே வசூலிக்கலாம் என்றும் அதில் இருக்கிறது. மாதச் சம்பளக்காரராக இருந்தால் வேலை சுலபம், ஜீவனாம்சத்துக்காகச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்யச் சிவில் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. கூலிக்காரரிடம் அது நடக்காது.

முதலாளி பற்றிய பயத்துக்கு: என் அனுபவத்தில் பல வழக்குகளில் நோட்டீஸ் போனதுமே கொஞ்சம் பணம் வந்துவிடும். வாரண்டு வந்தபோது முதலாளியே முன்பணம் கொடுத்துக் கட்ட வைத்ததையும் பார்த்திருக்கிறேன். கொடுக்காத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை உள்ளே வைக்கலாம், ஆனால் சிறைக்குப் போனதால் கடன் கழியாது. குல்தீப் கௌர் வழக்கில் 1988-லேயே உச்ச நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. எனக்குச் சிறையில் பெரிய நம்பிக்கை இல்லை. உள்ளே இருப்பவன் எங்கே சம்பாதிப்பான்? தவணை போட்டுக் கட்ட வைப்பதுதான் பலன் தரும்.

ஆத்தூர் அத்தை

இத்தனை கோர்ட் படி ஏறுவதற்கு அந்தக் கையெழுத்தை வாங்கிட்டா ஒரே நாளில் முடிஞ்சிடுமே சார்.

ஓய்வுபெற்ற சிரஸ்தார்

முடியாது அம்மா. இதைத்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன்.

அந்தப் பணம் குழந்தையுடையது. தாய் வாங்கிச் செலவு செய்கிறார், அவ்வளவுதான். குழந்தையின் ஜீவனாம்ச உரிமையைத் தாய் எழுதிக் கொடுத்துத் தீர்க்க முடியாது. எழுதினாலும் குழந்தையை அது கட்டுப்படுத்தாது.

இரண்டாவது, இன்னும் முக்கியம். தத்துக்காகப் பணமோ வேறு பலனோ வாங்குவதும் கொடுப்பதும் குற்றம் என்று 1956 சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது, ஆறு மாதம் வரை சிறை. இவர் போகும் வழி வேறு சட்டம் என்றாலும், அங்கேயும் கலெக்டர் முதலில் பார்ப்பது சம்மதம் மனமுவந்து வந்ததா என்பதைத்தான். "ஒன்றரை லட்சம் தள்ளுபடி, அதனால் கையெழுத்து" என்று முத்திரைத்தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு வைத்தால், நாளைக்கு அந்தத் தத்துக்கு எதிராக யாராவது எழுந்தால், இதைவிட நல்ல சாட்சி அவர்களுக்கு வேறு எங்கே கிடைக்கும்? நாமே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும்.

தத்து உத்தரவு வந்தால் அந்த நாள் முதல் பெற்ற தகப்பனின் ஜீவனாம்சக் கடமை முடியும். அதற்கு முந்தைய பாக்கி அப்படியே நிற்கும். இதை அவரிடமே எடுத்துச் சொல்லுங்கள். சம்மதம் கொடுத்தால் இனிமேல் மாதம் 6,000 சுமை இல்லை என்பதே அவருக்குப் போதுமான காரணம். பேரம் தேவையே இல்லை.

லீபஜார்

ஐயா, ஒரு சந்தேகம். தத்துப் போனால் அம்மாப்பேட்டையில் அவர் அப்பா வழி வீடு இருந்தால் அதில் குழந்தைக்கு என்ன ஆகும்?

ஓய்வுபெற்ற சிரஸ்தார்

தத்துக்குப் பிறகு பெற்ற தகப்பன் உயில் எழுதாமல் இறந்தால், அவர் தனிச் சொத்தில் இவள் வாரிசு இல்லை. அதற்குப் பதிலாக ரைட்டரின் சொந்த மகளைப் போல அவருக்கு வாரிசு. தத்துக்கு முன்பே குழந்தை பெயரில் வந்து சேர்ந்த சொத்து இருந்தால் அது போகாது. அவர் குடும்பத்தில் பூர்வீகச் சொத்து ஏதாவது இருந்தால், கையெழுத்துக்கு முன்னால் அந்தப் பத்திரத்தை ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். கையெழுத்து அவருடையது, இழப்பு குழந்தையுடையது.

செம்மடுவு

நான் மலைமேல் இருக்கிறேன், மலையாளி சாதி (கேரளாக்காரர் இல்லை, சேர்வராயன் மலைப் பழங்குடி). என் கதையும் இப்படித்தான், ஆனால் கோர்ட்டே இல்லை. ஊர்க்கவுண்டர் முன்னால் பிரித்து வைத்தார்கள். முதல் கணவர் கூர்க் பக்கம் மிளகு பறிக்கப் போனவர், அங்கேயே வேறு குடும்பம். பையனுக்கு ஆறு வயது. எனக்கும் இப்போது வேறு திருமணம் ஆகிவிட்டது. ஒரு இடத்தில் விசாரித்தபோது, "கோர்ட் விவாகரத்து இல்லாமல் ஜீவனாம்சம் கிடையாது, ரிஜிஸ்டர் ஆபீஸில் தத்துப் பத்திரம் போட்டுக்கோ, போதும்" என்று சொல்லிவிட்டார்கள். சரியா?

ஓய்வுபெற்ற சிரஸ்தார்

இரண்டுமே தப்பு மகளே.

பையனின் ஜீவனாம்சத்துக்கு உங்கள் விவாகரத்தோடு சம்பந்தமே இல்லை. 144-ஆவது பிரிவு எல்லா மதத்துக்கும் எல்லாச் சாதிக்கும் பொது. பெற்றோருக்குத் திருமணமே ஆகாத குழந்தைக்குக்கூட உண்டு. அவர் கூர்க்கில் இருந்தாலும் நீங்கள் சேலம் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். குடும்ப நீதிமன்றமா, மாஜிஸ்திரேட்டா என்பதைச் சட்ட உதவி மையத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

அப்புறம் அந்தத் தத்துப் பத்திரம். சேர்வராயன் மலை மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். மத்திய அரசு தனியாக அறிவிக்காதவரை இந்துத் தத்துச் சட்டம் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று அதன் 2-ஆவது பிரிவே சொல்கிறது. இந்துத் திருமணச் சட்டமும் அப்படித்தான், அதனால்தான் உங்கள் ஊர் வழக்கப்படிப் பிரிந்ததற்கு மதிப்பு இருக்கிறது. அந்தச் சட்டத்தை நம்பிப் போடும் பத்திரம் பின்னால் வேலைக்கு ஆகாது. நீங்களும் மலையடிவாரம் அம்மணி போகிற கலெக்டர் வழியிலேயே போங்கள். பஞ்சாயத்தில் பிரித்து வைத்ததற்கு ஏதாவது எழுத்து இருக்கிறதா? இல்லாவிட்டால் அன்றைக்கு உட்கார்ந்திருந்த பெரியவர்கள் இருக்கும்போதே வாக்குமூலம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

புதுக் கணவரும் மலையாளிதானா?

செம்மடுவு

ஆமாங்க, நாகலூர்.

ஓய்வுபெற்ற சிரஸ்தார்

நல்லது. வேறு சாதியாக இருந்தால் பையனின் சாதிச் சான்றிதழுக்கு விளக்கம் கேட்பார்கள், அந்தத் தலைவலி உங்களுக்கு இல்லை.

சாக்ரமெண்டோ சேலத்தான்

மலையடிவாரம் அக்காவுக்கு ஒரு கேள்வி. பள்ளிக்கூடக் குழப்பம் என்றீர்களே, அது என்ன? அதற்குத் தத்து தேவைதானா?

மலையடிவாரம்

இன்ஷியல்தான். நோட்டில் அவளே டாடியின் எழுத்தைப் போட்டுக்கொள்கிறாள், ரெஜிஸ்டரில் வேறு எழுத்து. மிஸ் சிவப்பு மையில் அடித்து அனுப்புகிறார். அடுத்தது பாஸ்போர்ட், அவள் அப்பா கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாது என்று யாரோ சொன்னார்கள்.

லீபஜார்

பாஸ்போர்ட்டுக்கு அவ்வளவு பயம் வேண்டாம் அக்கா. 2016 டிசம்பரில் விதியை மாற்றிவிட்டார்கள், விண்ணப்பத்தில் பெற்றோரில் ஒருவர் பெயர் இருந்தால் போதும். விவாகரத்துத் தீர்ப்பையும் குழந்தை உங்களிடம் இருப்பதற்கான உத்தரவையும் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷியல் மட்டும்தான் பிரச்சினை என்றால் அதற்காக அவசரப்பட்டுத் தத்துக்கு ஓடாதீர்கள். ரெஜிஸ்டரில் உள்ளதையே எழுதச் சொல்லிக் குழந்தையிடம் பேசுங்கள். ஒன்பது வயதுக்குப் புரியும்.

வாரக்கடைசி அப்பா

குழந்தையிடம் யாராவது கேட்டீர்களா? கொலுசைக் கழற்ற மாட்டேன் என்கிறவளுக்கு, அப்பாவுடன் சட்டப்படி உறவே முடிகிறது என்று தெரியுமா?

மலையடிவாரம்

கேள்வி சுருக்கென்று குத்தியது. ஆனால் சரியான கேள்வி.

நேற்று ராத்திரி கணவரோடு உட்கார்ந்து பேசினேன். எழுதிக் கொடுக்கப் போவதில்லை. பாக்கி மனுவை இந்த வாரமே போடுகிறோம். தத்தை இப்போதைக்கு ஒத்தி வைக்கலாம் என்று அவரே சொன்னார். "ஜனவரி வரைக்கும் பழம் பறிப்பு, என்னால மலையை விட்டு இறங்க முடியாது. அதுக்குள்ள அவகிட்ட நீ மெல்லப் பேசு" என்றார். அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான், முகத்தில் தெரிந்தது. அண்ணனுக்குப் போன் செய்து, பாக்கி வேறு, சம்மதம் வேறு என்று சொல்லிவிட்டேன். "நாங்களும் வக்கீலைப் பார்க்கறோம்" என்று வைத்துவிட்டார்.

ஓய்வுபெற்ற சிரஸ்தார்

பார்க்கட்டும். அவர்கள் வக்கீலும் இதையேதான் சொல்வார்.

குழந்தையைப் பொறுத்தவரை, அவள் வயதுக்கும் புரிதலுக்கும் தக்கபடி அவள் விருப்பத்தைக் கருத வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் முதல் முறையாக அவள் இதைக் கேள்விப்படக் கூடாது. உங்கள் கணவர் சொன்னது சரி.

மனுவுக்கு வேண்டியது: உத்தரவின் சான்றிட்ட நகல், இரண்டு பேரின் முகவரி, எந்தெந்த மாதம் வந்தது, எது வரவில்லை என்று ஒரு தாளில் மாதவாரியாகக் கணக்கு, பணம் வந்துகொண்டிருந்த வங்கிக் கணக்கின் ஸ்டேட்மெண்ட். கொலுசை அந்தத் தாளில் எழுத வேண்டாம்.

செம்மடுவு

ஐயா, வக்கீல் வைக்க வசதி இல்லை. சட்ட உதவி மையம் எங்கே? வருமானச் சான்றிதழ் கேட்பார்களா?

ஓய்வுபெற்ற சிரஸ்தார்

கேட்க மாட்டார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, 1987 சட்டம். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு என்று கேளுங்கள். வேலை நாளில் காலையிலேயே வந்துவிடுங்கள். ஏற்காட்டு பஸ் அஸ்தம்பட்டி வழியாகத்தான் வரும், பஸ் ஸ்டாண்டு வரை போக வேண்டாம். வருவதற்கு முன்னால் 15100-க்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், இலவச எண். பையனின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் சாதிச் சான்றிதழ், அவருடைய ஆதார் நகல் ஏதாவது வீட்டில் கிடந்தால் அதுவும்.

செம்மடுவு

ஆதார் இல்லை. ரேஷன் கார்டில் இன்னும் அவர் பெயர் இருக்கிறது. அது ஆகுமா?

ஓய்வுபெற்ற சிரஸ்தார்

ஆகும், கொண்டு வாருங்கள். பெயரை நீக்குவதற்கு முன்னால் இரண்டு நகல் எடுத்துவிடுங்கள்.